சிதம்பரத்துக்குப் போன படகு

படகைப் பார்க்க வேண்டும் என்று யாராவது தேடி வந்தால், என் கணவரைக் கைகாட்டிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர்தான் "படகு சார்". கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்கள் எல்லோரும் அவர் பேசுவதை வாய் பிளந்து கேட்டிருக்கிறார்கள். அந்தப் படகு யாருடையது, அதை ஓட்டத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் யார் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. காபி கொண்டுபோய் வைத்த என்னிடம், "உங்க ஹஸ்பண்ட் ரொம்ப கிரேட் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் பல்லைக் காட்டியிருக்கிறேன்.

படகு என்னுடையது. என் அப்பா கடலூர்த் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையை மேற்பார்வை பார்த்தவர். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், தன் உல்லாசத்துக்காகக் கட்டிய சின்னப் பாய்மரப் படகை அவரிடம் விட்டுவிட்டுப் போனார். பதினாறு அடி நீளம், தேக்குப் பலகை, ஒரு பாய்மரம், பெரிய பாய் ஒன்று, முன்னால் குட்டிப் பாய் ஒன்று. மகன் இல்லாத குறைக்கு அப்பா என்னைக் கூட்டிப்போனார் என்று சொந்தக்காரர்கள் சொல்லுவார்கள். அது பொய். நான் தரையில் புரண்டு அடம்பிடித்ததால் கூட்டிப்போனார். பத்து வயதில் சுக்கான் பிடித்தேன். பதினைந்தில் தனியாக ஓட்டினேன். உப்பனாற்றங்கரையில் மீன் காயவைக்கும் பெண்கள் முதலில் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். பிறகு அவர்களுக்கே சலித்துவிட்டது.

அப்பா போன பிறகும், கல்யாணம் ஆன பிறகும், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வேலை கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் நேரே ஆற்றங்கரைதான். காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி ஒரு காற்று வீசும். அதைப் பிடித்து முகத்துவாரம் வரைக்கும் போய், அலை சாதுவாக இருந்தால் வெளியே கடலில் கொஞ்சம் சுற்றிவிட்டு, பத்து பதினோரு மணிக்குக் கடல்காற்று எழும்பும்போது அதிலேயே திரும்பிவிடலாம். போகவும் காற்று, வரவும் காற்று. வாரம் முழுக்க ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் கத்திய தொண்டைக்கு அந்த மூன்று மணி நேரம்தான் ஓய்வு. பாய் நிறைந்து படகு ஒரு பக்கம் சாயும்போது கயிறு உள்ளங்கையை இழுக்கும் பாருங்கள், அந்த இழுப்பில் எனக்கு வீடு, பள்ளிக்கூடம், நாத்தனார் எல்லாம் மறந்துபோகும்.

படகு ஒன்றும் அழகியில்லை. அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை கையில் கிடைத்த பெயிண்டை அடிப்பார். ஒரு வருஷம் நீலம், ஒரு வருஷம் துறைமுகத்தில் மிச்சமான சாம்பல் நிறம், என் பூப்பு நீராட்டு நடந்த வருஷம் மஞ்சள். பாயில் நாலு ஒட்டு. அடியில் எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்கும். பால் பவுடர் டப்பா ஒன்றை வைத்து இறைத்துக்கொண்டே ஓட்டுவோம். எந்தப் பலகை ஒழுகும், எந்தக் காற்றில் முனகும் என்று எனக்குத் தெரியும். அதைக் குறை என்று நான் நினைத்ததே கிடையாது.

என் கணவருக்குச் சொந்த ஊர் சிதம்பரம். சிப்காட்டில் பிசின் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் கெமிஸ்ட். கல்யாணமான புதிதில் ஒரு தடவை என்னோடு படகில் வந்தார். பாலம் தாண்டுவதற்குள் வாந்தி. அதோடு சரி. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பார். நான் திரும்பி வரும்வரை நிற்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியதே போதும். குடையோடு நிற்கிற அந்த மனிதரைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மற்ற வீடுகளில் புருஷன்மார் விடவே மாட்டார்கள். என் வீட்டுக்காரர் குடையோடு காத்திருக்கிறார் என்று பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

2004 கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்தது. சிதம்பரத்தில் இருந்த நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, மறுநாள் விருந்துக்கு வரச் சொல்லியிருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமை போக மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "ஒரு வாரம் படகு ஓட்டலன்னா கொறஞ்சா பூடுவ?" என்று என் கணவர் கெஞ்சினார். சனிக்கிழமை மாலையே பஸ் ஏறினோம். ஞாயிறு காலை நாத்தனார் வீட்டில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தபோதுதான் கடல் ஊருக்குள் வந்துவிட்டதாகச் சேதி வந்தது.

அந்த நாட்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. என் வகுப்பிலேயே மூன்று இடங்கள் காலியாக இருந்தன. அதற்கு மேல் சொல்லத் தெம்பு இல்லை. ஒரு மாதம் முகாமில் சோறு பொங்கிப் போட்டேன். பிணம் கிடைக்காத அம்மாக்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் "என் படகு என்ன ஆச்சு" என்று மனதுக்குள் ஒரு குரல் கேட்கும். வெட்கமாக இருக்கும். யாரிடமும் கேட்கவில்லை. மாசி மாதம்தான் துறைமுகத்துக்குப் பின்னால், வேலிக்காத்தான் புதருக்குள் அது சரிந்து கிடப்பதைப் பார்த்தேன். பாய்மரம் முறிந்திருந்தது. இடது பக்கத்தில் இரண்டு பலகை உடைந்திருந்தது. மற்றபடி படகு முழுசாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு அழுதேன்.

படகு கட்டும் ஆசாரியை எங்கள் ஊரில் ஓடாவி என்பார்கள். எனக்குத் தெரிந்த ஓடாவி ஒருவர் இருந்தார், என் வயதுதான் இருக்கும். இரண்டு செல்போன் வைத்துக்கொண்டு, நிவாரணத்துக்கு வந்த ஃபைபர் படகுகளை ஒட்டிச் சரிபண்ணும் வேலையில் நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த மனிதர். அவரைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துவந்து காட்டினோம். ஐந்து நிமிஷம் சுற்றிப் பார்த்தார். உள்ளே விலா எலும்பு மாதிரி வளைந்திருக்கும் மரங்களை ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"ரெண்டு பலவ மாத்தணும் டீச்சர். மரத்துக்கு ஒரு சவுக்கு நட்டுக்கலாம். அப்புறம் ஆத்துல அமுக்கி மூணு நாள் போட்டுடுங்க. பலவ தண்ணி குடிச்சி ஊதி, சந்தெல்லாம் தானா மூடிக்கும். சித்திரைல ஓட்டலாம்" என்றார்.

"அமுக்கறதா? இருக்கற படக முழுவடிக்கிறதா?" என்றார் என் கணவர்.

"எல்லாரும் அப்படித்தான் சார் பண்றோம். காஞ்ச மரப்படகு வேற எப்படி மூடும்?"

என் கணவர் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். பலகை விளிம்பில் பெயிண்ட் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். நீலத்துக்குக் கீழே சாம்பல், அதற்குக் கீழே மஞ்சள், இன்னும் கீழே ஏதோ பச்சை. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. "இதச் சும்மா ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது. எவ்ளோ பழைய படகு! முழுசா, ஒழுங்கா, அசல் எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டாறேன். எனக்கு ஒரு வருஷம் குடு" என்றார். ஊரே இழவு வீடாகக் கிடந்த நேரத்தில், ஒருவர் ஒன்றைச் சரிசெய்கிறேன் என்று சொன்னது எனக்குத் தேனாக இனித்தது. சரி என்று தலையாட்டினேன்.

இங்கே இடமில்லை, வெயில், திருட்டு என்று ஆயிரம் காரணம் சொல்லி, அவர் படகை லாரியில் ஏற்றிச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனார். நாத்தனார் வீட்டுக்குப் பின்னால் காலி மனை இருந்தது. தகரக் கொட்டகை போட்டார். கடலூரில் ஆறு இருக்கிறது, கடல் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. படகு மட்டும் அரசமரத்தடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில், பசுமாடு கட்டும் மனையில் உட்கார்ந்திருந்தது. கோயிலுக்கு வந்த பெண்கள் இது எந்தச் சாமிக்கு என்று கேட்டார்கள். இதைச் சொல்லி நானே பலரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் உப்புத்தாளோடு போயின. பூசை முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரம் போவது, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பலகையைத் தேய்ப்பது, நாத்தனார் வீட்டில் சாப்பிடுவது, மூக்கில் தூசியோடு பஸ் ஏறித் திரும்புவது. முதல் வருஷம் முழுக்கப் பெயிண்ட் சுரண்டினோம். நீலம் உதிர்ந்தது. சாம்பல் உதிர்ந்தது. மஞ்சள் வந்தபோது நான் நிறுத்தினேன். "இது எங்கப்பா அடிச்சது. கொஞ்சம் விட்டு வைங்களேன்" என்றேன்.

"அது அசல் இல்லம்மா. மேல பூசின அழுக்கு. அடியில பச்சை இருக்கு பாரு, அதான் அந்த வெள்ளக்காரர் அடிச்சது" என்றார்.

அழுக்கு. முப்பது வருஷம் அந்தப் படகை ஓட்டியவர், ஒழுகினால் அடைத்தவர், கிழிந்தால் தைத்தவர் என் அப்பா. அந்த வெள்ளைக்காரர் ஓட்டியது இரண்டு மழைக்காலம். ஆனால் அவர் அசல், என் அப்பா அழுக்கு. அன்று நான் சண்டை போட்டிருக்க வேண்டும். நாத்தனார் வீட்டுக் கொல்லையில் புருஷனோடு மல்லுக்கு நிற்பது அசிங்கம் என்று வாயை மூடிக்கொண்டு தேய்த்தேன். அந்த மஞ்சளை என் கையாலேயே தேய்த்து எடுத்தேன். அதற்கு நான் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு வருஷம் இரண்டானது, இரண்டு நாலானது. நான் படகு பழுதுபார்ப்பதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. கடலுக்குப் போகிறவன் ஒவ்வொருவனும் பழுதுபார்க்கிறான். நாளைக்குப் போக வேண்டும் என்பதற்காகப் பார்க்கிறான். என் கணவர் செய்தது வேறு. நெட் சென்டரில் உட்கார்ந்து கத்தை கத்தையாகப் பிரிண்ட் எடுத்து வருவார். இரும்பு ஆணி கூடாது, செம்பு ஆணிதான் வேண்டும் என்பார்; அதைத் தேட எட்டு மாதம். பாய்மரத்துக்குச் சவுக்கு கூடாது, வேறு மரம் தேட வேண்டும். அதற்கு ஒரு வருஷம். ஒவ்வொரு தடவையும் "இன்னும் ஒரே ஒரு வேலதான்" என்பார். அந்த ஒரு வேலையைத் தொட்டதும் அதற்கு அடியிலிருந்து இன்னொரு வேலை முளைக்கும். கூட்டம் வர ஆரம்பித்தது. காலேஜ் பிள்ளைகள், பத்திரிகைக்காரர், பழைய படகுகளில் பித்துப் பிடித்த ஒரு பிரெஞ்சுக்காரர். எல்லோருக்கும் அவர் பலகையைத் தடவிக் காட்டுவார். அவருக்கு நீச்சல்கூடத் தெரியாது.

"எப்பதான் தண்ணில எறக்குவீங்க?" என்று நான் கேட்டால், "அவசரப்பட்டுக் கெடுக்கச் சொல்றியா டீச்சரம்மா?" என்பார். வேலையில் அவசரம் பிடிக்காத நல்ல மனிதருக்கும் ஆலாய்ப் பறக்கிற மனைவிக்கும் நடக்கிற வழக்காக அதை மாற்றிவிட்டார். நாத்தனார்கூட, "அவன் உனக்காவத்தான இவ்ளோ மெனக்கெடுறான்? வேற எந்த ஆம்பள செய்வான்?" என்று கேட்டார். அப்படிப்பட்ட புருஷனைக் குறை சொல்ல எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது.

இடையில் ஒரு மழைக்காலத்தில் சிதம்பரத்தைச் சுற்றி வெள்ளம் வந்தது. இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு மனையில் இடுப்பளவு தண்ணீர். நாத்தனார் வீட்டுச் சாமான்களை மாடிக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டு நான் பின்பக்கம் போனபோது, படகு தன்னைத் தாங்கியிருந்த கட்டைகளை விட்டு எழும்பி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு அது ஆடுவதைப் பார்க்கிறேன். கையை வைத்தேன். உள்ளங்கைக்குக் கீழே அசைந்தது. சந்து வழியாகத் தண்ணீர் ஏறத்தான் செய்தது, இருந்தாலும் மிதந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சத்தம் போட்டு அவரைக் கூப்பிட்டேன்.

அவர் ஓடிவந்தார். வந்த வேகத்தில் கயிற்றை எடுத்துக் கொட்டகைத் தூணோடு படகை இறுக்கிக் கட்டினார். அப்புறம் துணி துவைக்கிற கல், அம்மி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தூக்கி உள்ளே வைத்தார். மிதக்காமல் இருப்பதற்காக. "மெதக்கட்டுமே" என்றேன். "செவுத்துல இடிச்சா பாலிஷ் பூடும்" என்றார். வெள்ளத்தில் ஊரெல்லாம் வாழைமரத்தையும் அண்டாவையும் மிதக்கவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். என் வீட்டில் ஒருவர் படகைக் கல்லைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தார். அந்த நிமிஷமே நான் புரிந்துகொண்டிருக்கலாம். நான் கணக்கு டீச்சர். இரண்டும் இரண்டும் எத்தனை என்று போர்டில் எழுதத்தான் லாயக்கு.

வெள்ளம் வடிந்து இரண்டு வருஷம் போன பிறகு பலகைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளை அடைக்கும் வேலை வந்தது. பருத்தி நூலைத் திரித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து அடைப்பதற்குக் கலப்பத்து என்று பெயர். அதற்கு நானே போய் ஓடாவியைக் கூட்டிவந்தேன். என் கணவர் தன் கம்பெனியில் கிடைக்கும் எபாக்சி பிசினால் எல்லாச் சந்தையும் நிரப்பப்போவதாகச் சொன்னார். கல் மாதிரி இறுகும், நூறு வருஷத்துக்கு ஒரு சொட்டு ஒழுகாது என்றார்.

ஓடாவி பதறிப்போனார். "வேணாம் சார். நூலுன்னா நசுங்கும், எடம் குடுக்கும். கல்லு எடம் குடுக்காது. இத்தினி வருஷம் காஞ்ச பலவ தண்ணி குடிச்சா ஊதும் சார். ஊதறதுக்குச் சந்து இல்லன்னா ஒண்ண ஒண்ணு தள்ளும். உள்ள இருக்கற மரமெல்லாம் நொறுங்கிடும்." தன் இரண்டு கைவிரல்களையும் கோத்து, இறுக்கி, உள்ளே ஒரு பீடியை வைத்து உடைத்துக் காட்டினார். என் கணவர் கவனமாகக் கேட்டார். நன்றாகத் தலையாட்டினார். ஓடாவிக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நானும் நிம்மதியாகப் பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களைத் திருத்தப் போய்விட்டேன். அந்த இரண்டு மாதம் பரீட்சை வேலையில் நான் சிதம்பரம் போகவில்லை. போனபோது சந்தெல்லாம் அடைத்து, மேலே பச்சைப் பெயிண்டும் அடித்து முடித்திருந்தார். என்ன போட்டு அடைத்தீர்கள் என்று கேட்டேன். "எல்லாம் சரியாத்தான் போட்டுருக்கேன்" என்றார்.

2011 ஆடி மாதம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றில் படகை இறக்கினோம். பச்சை நிறம், புதுப் பாய், கண்ணாடி மாதிரி மின்னும் பாய்மரம். உள்ளபடியே அழகாக இருந்தது. நாத்தனார் கேசரி கிளறிக் கொண்டுவந்தார். பிரெஞ்சுக்காரர் படம் எடுத்தார். எனக்கு நாற்பத்தைந்து வயது. ஆறரை வருஷமாகச் சுக்கானைத் தொடவில்லை. சேலையைக் கட்டிக்கொண்டு எப்படி ஏறுவது என்று சுடிதார் போட்டு வந்திருந்தேன். "இன்னிக்கு வேணாம். மூணு நாள் சும்மா கட்டிப் போட்டுப் பாப்போம்" என்றார் அவர். ஆறரை வருஷம் பொறுத்தவளுக்கு மூன்று நாள் பெரிசா என்று நான் கரையிலேயே நின்றுவிட்டேன். கால்கூட நனையவில்லை.

மூன்றாம் நாள் காலை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் பரங்கிப்பேட்டைக்குப் போனேன். படகுக்குள் காலை வைக்கும்போதே சத்தம் கேட்டது. பட், பட் என்று உள்ளே எதுவோ தெறிக்கிற சத்தம். குனிந்து பார்த்தேன். விலாமரங்கள் வரிசையாகப் பிளந்திருந்தன. ஊதிய பலகைகள் இடமில்லாமல் ஒன்றையொன்று தள்ளி, இரண்டு இடத்தில் செம்பு ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே துருத்தி நின்றன. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவர் சொன்னது அதில் சரி. ஓடாவி உடைத்துக் காட்டிய பீடி மாதிரியே உள்ளே எல்லாம் உடைந்திருந்தது. கரையில் உட்கார்ந்து வாய்விட்டுத் திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பிசினையா, வெள்ளைக்காரனையா, என்னையா. அவரைத் திட்டவில்லை. பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். படகு மறுபடியும் லாரி ஏறிச் சிதம்பரம் போனது.

அந்த வருஷக் கடைசியில் புயல் வந்தது. கடலூரில் எங்கள் வீட்டு ஓடு பறந்தது. கரையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துவிட்டன என்று பஸ்ஸில் வந்தவர்கள் அழுதார்கள். பொங்கலுக்கு முன்னால் ஒரு பகலில் சிதம்பரம் போய்ப் பார்த்தோம். கொட்டகையின் தகரம் நாலு பறந்துபோயிருந்தது. படகு இருந்த இடத்தில் இருந்தது. அவர் அதைச் சுற்றி வந்து, பலகையைத் தட்டிக்கொடுத்து, "பாத்தியா, பத்திரமா இருக்கு. ஆத்துல கெடந்திருந்தா என்னா ஆயிருக்கும்?" என்றார்.

அவர் குரலில் இருந்த சந்தோஷம்தான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. உடைந்த படகைப் பார்த்து ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா?

"ஓடாவி அன்னிக்குச் சொன்னாரே, பிசின் போட்டா ஒடையும்னு. அது ஒங்களுக்குப் புரியலையா?" என்றேன்.

அவர் தகரத்தை நிமிர்த்துவதுபோல் குனிந்துகொண்டார்.

"நீங்க கெமிஸ்ட். மரம் ஊதும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு தகரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்த ஞாயித்துக்கெழம நாம இங்க வராம இருந்திருந்தா, நீ எங்க இருந்திருப்ப? எட்டே முக்கால் மணிக்கு நீ எங்க இருந்திருப்ப, சொல்லு. முகத்துவாரத்துல. அத நெனச்சா எனக்கு இன்னிக்கும் சோறு எறங்கல. அதுக்கு முன்னாடி மட்டும் என்னா? ஒவ்வொரு வாரமும் கொடையப் புடிச்சிக்கிட்டு நின்னேனே, நீ திரும்பற வரைக்கும் எனக்கு உசுரு இருந்துதுன்னு நெனச்சியா? போவாதன்னு சொன்னா நீ கேப்பியா? சண்ட போட்டு என்ன வெறுத்திருப்ப. படகு வேலையா இருக்கற வரைக்கும் நீ கரையில இருப்ப. அதான்."

"ஏழு வருஷமா?"

"ஆமா."

அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது; அது அவருக்காக வரவில்லை. "போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், பதிலுக்கு அவரும் கத்தியிருப்பார், கடைசியில் நான் போயிருப்பேன் அல்லது போகாமல் இருந்திருப்பேன். எதுவானாலும் அது என் முடிவாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக என் அப்பா படகை என் கையாலேயே சுரண்ட வைத்தார். உலகம் பாராட்டப் பாராட்டச் சுரண்ட வைத்தார். அன்பு என்று சொல்லிவிட்டால் எதையும் எடுத்துக்கொள்ளலாமா? திருடியவனைக்கூட ஏசலாம், இவரை ஏசினால் எனக்கு நன்றி இல்லை என்பார்கள். அன்று மாலை பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வந்தேன். வேறு சீட் காலியாக இல்லை.

தவக்காலம் முடிந்து ஈஸ்டர் போன பிறகு, நான் ஓடாவியிடம் போய் ஏதாவது ஒரு படகு கொடுங்கள் என்று கேட்டேன். புயலில் அடிபட்டு அவர் ஒட்டிப்போட்டிருந்த சின்ன ஃபைபர் படகு ஒன்று இருந்தது. லாரிக்குப் போடும் நீலத் தார்ப்பாயை வெட்டிப் பாயாகத் தைத்து, சவுக்குக் கம்பில் கட்டிக் கொடுத்தார். பார்க்கச் சகிக்காது. "ஓடும் டீச்சர், அது போதும்ல" என்றார். வீட்டில் சொல்லிவிட்டே கிளம்பினேன். அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றார். குடையை எடுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

ஆற்றில் இறங்கியதும் கைக்குக் கயிறு ஞாபகம் வந்தது. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு பிறகு நிறைந்தது. பாலத்துக்குக் கீழே போகும்போது மேலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். நான் சிரித்தேன். ஏழு வருஷம் இப்படிச் சிரிக்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு, உண்மையைச் சொல்வதென்றால், நான் யாரையும் வெறுக்கவில்லை.

வளைவைத் தாண்டியதும் முகத்துவாரம் தெரிந்தது. கடல் சாதுவாகத்தான் கிடந்தது. தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி ஒரு அலை எழும்பி உடைந்தது. எல்லா நாளும் உடைகிற அலைதான். அந்தக் கோடு நெருங்குகிறதா என்று பார்த்தேன். நெருங்கவில்லை. மறுபடியும் பார்த்தேன். எட்டே முக்கால் ஆகியிருக்குமா என்று கடிகாரத்தைப் பார்த்தேன். இந்த இடத்தில்தான் இருந்திருப்பேன், இந்த இடத்தில்தான், என்று அவர் குரலே எனக்குள் பேசியது. அப்பாவோடு எத்தனையோ தடவை புயல் மேகத்துக்குக் கீழே இதே இடத்தைத் தாண்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் இல்லாத பயம். காற்று எனக்குச் சாதகமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நான் பாயை இறக்கிவிட்டு, துடுப்பை எடுத்து, காற்றுக்கு எதிராக மூச்சிரைக்கத் துழாவிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஓடாவி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றை வாங்கிக் கட்டினார்.

வீட்டில் அவர் சாப்பாடு எடுத்து வைத்திருந்தார். "எப்பிடி இருந்துச்சி?" என்றார்.

"நல்லா இருந்துச்சி" என்றேன்.

"அடுத்த வாரமும் போறியா?"

"இல்ல. தோள் வலிக்குது."

தோள் வலிக்கவே இல்லை. அவர் உடனே எழுந்துபோய்த் தைலம் எடுத்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, என் பின்னால் உட்கார்ந்து, இங்கேயா, கொஞ்சம் கீழேயா என்று கேட்டுக் கேட்டு, ஒரு விரல் இடம் விடாமல் தேய்த்துவிட்டார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.